மிதிபடாத அருகம்புல்

சிங்கமங்கலம் ஜமீன்தாருக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. தம் சத்திரத்தில் தினமும் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுவதாக அவர் பரப்பிவிட்ட பேச்சை நம்பி, ‘அன்னதானப் பிரபு’ என்று பட்டம் கொடுக்க மகாராஜாவே வந்திருந்தார். முதலில் பிள்ளையார் பூஜை.

அந்த நேரம் பார்த்து, புல்லுக்கட்டு விற்கும் இருளாயி வந்து நின்றாள். தோட்டத்தில் மேய்ந்ததென்று அவள் பசுவை ஜமீன்தார் கட்டிப்போட்டிருந்தார்.

“பசுவை விட்டுருங்க சாமி.”

“விடறேன். மனுசக் காலும் மாட்டுக் காலும் படாத அருகம்புல் பூஜைக்குக் கொண்டா. இல்லேன்னா பசு எனக்கு!”

ஊரெல்லாம் மிதிபடுகிற புல்லாயிற்றே! கூட்டம் உச்சுக்கொட்டியது. இருளாயி விறுவிறுவென்று கிளம்பிப் போனாள். சற்று நேரத்தில் மடி நிறையப் புல்லோடு திரும்பினாள்.

ஜமீன்தார் ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். “வழியில கிடக்கிற புல்லு! நூறு பேர் மிதிச்சிருப்பான்!”

“எங்கேம்மா பிடுங்கினாய்?” என்றார் மகாராஜா.

“ஜமீன் சத்திரத்து அடுப்புக்குள்ள, மகாராஜா. அங்க காலும் படல, நெருப்பும் படல.”

மகாராஜா எழுந்து போய்ப் பார்த்தார். சமையற்கட்டு முழுக்கப் பச்சைப்பசேலென்று இருந்தது. பட்டம் வந்த பல்லக்கிலேயே திரும்பிப் போயிற்று.

இருளாயி பசுவை அவிழ்த்து நேரே சத்திரத்துக்குள் ஓட்டினாள். அங்கே வயிறாரச் சாப்பிட்ட முதல் ஜீவன் அதுதான்.