நகராத கால்

பெனிட்டாவின் முழங்கையில் செம்மண் இருந்தது.

தூத்துக்குடியில் அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் மெத்தை உண்டு. கை வழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளைப் பொடி உண்டு. செம்மண் கிடையாது.

"எங்க விழுந்த?" என்று கேட்டான் எட்வின். அவளுக்குப் பயிற்சி கொடுப்பவன்.

"விழலை சார்."

பதினோரு வயது. பொய் சொல்லத் தெரியவில்லை. கூரையைப் பார்த்தாள்.

மாநில அணித் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. பீம் என்கிற அந்தக் கட்டை ஒரு சாண்கூட அகலம் இல்லை. அதன் மேல் பின்பல்டி அடிக்கையில் அவள் ஒருமுறை விழுந்தாள். அதோடு சரி. ஒரு மாதமாக ஏறுவாள், நிற்பாள், பல்டி அடிக்காமலே இறங்கிவிடுவாள். எட்வின் தயார் செய்த முதல் பிள்ளை அவள். அனுப்ப வேறு ஆளும் இல்லை.

மறுநாள் அவள் பின்னாலேயே போனான். பள்ளிக்கூட மைதானம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தான். கபடி.

நாலு பெண்கள் சேர்ந்து பெனிட்டாவை மடக்கிப் போட்டார்கள். எழுந்தாள். கால்களைச் சேர்த்தாள். இரண்டு கைகளையும் உயர்த்தி நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். பல்டி முடித்ததும் நடுவர் முன் நிற்பார்களே, அப்படி.

"ஏ சர்க்கஸ்! அவுட் ஆனதுக்கா இந்தப் போஸு? வெளிய போடி!"

மைதானமே சிரித்தது. பெனிட்டாவும் சிரித்தாள். எட்வின் சிரிக்கவில்லை.

நேரே சவரிமுத்து மாஸ்டரிடம் போனான். எட்வினை ஆறு வயதிலிருந்து பழக்கியவர். கூடத்தில் கிழிந்த மெத்தையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நம்ம பிள்ளைய கடத்துறாங்க."

"போலீசுக்குப் போ."

"விளையாடாதீங்க. கபடிக்கு இழுக்காங்க. எல்லாம் அந்தக் கபடி டீச்சர் பேச்சியம்மா வேலை. போன வாரம் நம்ம வாசல்ல வந்து நின்னாங்கள்லா? உங்ககிட்ட பேசிட்டிருந்தவங்க, என்னப் பாத்ததும் நிறுத்திட்டாங்க."

"ம்."

"அவ அப்பாவும் கூட்டு. மண்ணாயிருக்க துணி அவர் கண்ணுக்குத் தெரியாதா?"

"வேற யார் மேல சந்தேகம்?"

"எல்லார் மேலயும்."

"நல்லது. ஒருத்தனையும் விட்டுராத."

"நீங்களே சொல்லுங்க மாஸ்டர். பல்டி பழகுற பிள்ளை இன்னொரு விளையாட்டுக்குப் போனா என்ன லாபம்? கை கால் போறதத் தவிர?"

மாஸ்டர் ஊசியை மெத்தையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

"நில்லுலே."

நின்றான். அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்.

எட்வின் பாதத்தை ஊன்றினான். உடம்பு வளைந்தது. கால் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். வெட்டின தென்னை மாதிரி மெத்தையில் மல்லாக்க விழுந்தான்.

எழும்போது இடது முட்டியைப் பிடித்துக்கொண்டான். பத்தொன்பது வயதில் ஒரு போட்டியில் கோணலாக வந்து இறங்கினான். நகராமல் நின்றே தீருவேன் என்று நின்றான். அன்றைக்குப் போன முட்டி அது.

"ஒரு அடி பின்னால வச்சிருந்தா விழுந்திருக்க மாட்டியே. ஏன் வைக்கல?"

"இறங்கினப்புறம் கால் நகந்தா மார்க் போகும்."

"இங்க எவன் மார்க் போடுதான்?"



அப்போது பெனிட்டா உள்ளே வந்தாள். கை கால் கழுவியிருந்தாள். காது மடலில் மண் அப்படியே இருந்தது. பீம் மேல் ஏறினாள். பல்டி அடித்தாள். கால் வழுக்கியது.

விழுந்தாள். தோளை மடக்கி ஒரு உருளல். எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை கட்டை மேலேயே வந்து இறங்கினாள். ஆடினாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். நின்றாள்.

எட்வின் அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி மாஸ்டரைப் பார்த்தான்.

"மாஸ்டர். இவள அங்க அனுப்புனது யாரு?"

மாஸ்டர் உட்கார்ந்து ஊசியை எடுத்தார்.

"இறங்கினா நகராதன்னு உனக்குச் சொன்னது யாருலே?"

"நீங்க."

"அந்த ஆளுதான்."