நாற்பத்தோராம் கேள்வி

“அவசரம் நம்மளோடது, அவங்களோடது இல்ல” என்றோ, ஏறக்குறைய அப்படியோ, செபஸ்தியம்மா டீச்சர் பயிற்சி வகுப்பில் சொல்வார். வீடு வீடாகப் போய்ச் சுகாதார விவரம் கேட்கும் பெண்களைப் பழக்கியவர். வெளிநாட்டிலிருந்து நாற்பது வயதில் திரும்பிய சிவஞானம் அவரிடம்தான் வேலை கற்றான். இப்போது அலுவலகத்தில் அவன்தான் தலைவன்; டீச்சரே அவனை ‘சார்’ என்பதற்குத் தோட்டத்து வழக்கில் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருஷம் வெளியிலிருந்து வந்த நிதி நின்றது. எல்லா வீடுகளுக்கும் போவதென்றால் கேள்வித்தாளைச் சுருக்க வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு, டீச்சர் இருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனான்.

“நாற்பத்தோராம் கேள்வியை எடுத்துடலாமா டீச்சர்? பிறந்து தவறின குழந்தைங்களைப் பத்தினது. நேரமெல்லாம் அதுலதான் போகுது. பழைய தரவை வச்சு மதிப்பிட்டுக்கலாம்.”

“நாற்காலி பெரிசானா கேள்வி சின்னதாயிடும் போல. வாங்க சேர், ஒரு வீட்டுக்குப் போவோம். நீங்களே கேளுங்க.”

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசி வீட்டில் யோகேஸ்வரி பேசச் சம்மதித்தாள். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகள் என்றாள்.

“பிறந்து, ஒரு தடவை அழுதோ மூச்சு விட்டோ, அப்புறம் தவறின குழந்தை உண்டாம்மா?”

“இல்லீங்க.”

சிவஞானம் குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பப் போனான். டீச்சர் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

யோகேஸ்வரி விரலில் ஒட்டியிருந்த கொழுந்துக் கறையைச் சுரண்டினாள். வெகுநேரம் சுரண்டினாள்.

“ஒன்னு,” என்றாள். “போன மாசியில. மூணு நாள் இருந்துச்சு. பொண்ணு. நல்லாப் பால் குடிச்சிச்சுங்க.”

சிவஞானம் பேனாவைக் கீழே வைத்தான்.

“அதையும் சேர்த்துக்குவீங்களா?”

“சேர்த்துக்குவோம்மா,” என்றார் டீச்சர்.

இருவரும் இறக்கத்தில் பாதி தூரம் வந்தார்கள். சிவஞானம் கடிகாரத்தைப் பார்த்தான்.

“இந்த ஒரு வீட்டுக்கே முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு டீச்சர். இப்படிப் போனா எல்லா வீட்டுக்கும் எப்படிப் போறது?”

“வீடு வீடா ஓடலாமே. எல்லா வீட்டுலயும் ‘இல்ல’ன்னு எழுதிட்டு வந்துடலாம்.”

“மதிப்பீடுன்னு ஒன்னு இருக்கில்லையா?”

டீச்சர் நின்று அவன் தோளைத் தொட்டார்.

“அந்தப் பிள்ளை போன மாசியிலதான் பிறந்துச்சு, சேர். உங்க பழைய தரவுல அதை எங்கன்னு தேடுவீங்க?”

திங்கட்கிழமை சிவஞானம் போக வேண்டிய வீடுகளைப் பாதியாகக் குறைத்தான். கேள்வித்தாளை அப்படியே அச்சுக்கு அனுப்பினான்.