கோமளத்தோட புரட்டாசி விரதம்

ஒரு ஊர்ல ஒரு மகா புத்திசாலி இருந்தா. அவ புத்திசாலின்னு யார் சொன்னா? அவளேதான் சொல்லிக்கிட்டா. ஊர்ல வேற ஒருத்தரும் சொல்லல. அவ பேரு சந்தனம்.

"அது உங்க பேருல்ல அத்தை?"

ஆமாடா மருது, நான்தான். கிறுக்கச்சி கதை சொல்லணும்னா நான் எதுக்கு வெளிய போய்த் தேடணும்? சிரிக்காத, சிரிச்சா தூக்கம் கலைஞ்சிரும். காலை நீட்டிப் படு. "ம்" மட்டும் கொட்டு.

"ம்."

அப்போ எனக்கும் உங்க மாமாவுக்கும் ஒரு பொரிக் கொட்டகை இருந்துச்சு. பெரிய சட்டியில மணலைப் போட்டு, உமியை எரிச்சு, நல்லா காயவிட்டு, அதுல அரிசியைத் தூவுனா பட பட பட படன்னு பொரியும். மாமா வறுப்பாரு. நான் கம்பிச் சல்லடையில போட்டு சல் சல்லுன்னு சலிப்பேன். மணல் கீழ போயிரும், பொரி மேல நிக்கும். சரி, பொரி மூட்டை இருந்தா கூடவே யாரு இருப்பா?

"எலி."

எலியேதான். கரக் கரக் கரக்னு மூட்டையைக் கொறிக்கும். எனக்கு எலின்னா அப்படி ஒரு பயம், கண்டா கத்திக்கிட்டே வெளிய ஓடிருவேன். அப்புறம் ஒரு ஆடி மாசம், உமி மூட்டையை அவுக்குறேன், உள்ளயிருந்து புஸ்ஸ்ஸுன்னு ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டுது. அக்கம்பக்கத்துல எல்லாரும் கம்பைத் தேடுறாங்க. நான் மட்டும், "ஐ! இதை நான் வளக்கப் போறேன்"னேன். எலிக்குப் பயப்படுறவ பாம்பைக் கொஞ்சுறா பாரு. சாரைக்கு விஷம் கிடையாது, எலியை விடாது, அது போதும்னு நெனச்சேன். கோமளம்னு பேரு வச்சேன். ஆணா பொண்ணான்னு அதுவும் சொல்லல, நானும் கேக்கல.

அப்புறம் பாரு, கோமளம் வந்ததும் கொட்டகையே அமைதியாயிருச்சு. ஒரு எலி ஓடும், சர்ர்ர்னு பின்னாலயே இவ போவா, லபக். தின்னுட்டு வந்து உமிக் குவியல்ல சுருண்டு படுத்துக்குவா. நான் பக்கத்துல உக்காந்து ஊர்க்கதை பூரா அவகிட்ட சொல்லுவேன். குறுக்க பேசாம கேக்குற ஒரே ஆளு அவதான். எனக்கு அவ மேல உசுரு.

"ம்."

அப்போ புரட்டாசி பொறந்துச்சு. பொறந்ததும் கோமளம் சாப்பாட்டை நிறுத்திட்டா. எலி மூக்குக்கு முன்னாடி போகுது, இவ அசையல. மூட்டைக்கு அடியில போய் முடங்கிக்கிட்டா.

சரி, பாம்புன்னா பால் குடிக்கும், ஊருக்கே தெரியும்னு சொல்லி, வெள்ளிக் கிண்ணத்துல பாலைக் காய்ச்சி ஆத்தி, சர்க்கரை வேற போட்டு வச்சேன். என் சீமந்தத்துக்கு வந்த கிண்ணம்டா அது! கோமளம் என்ன பண்ணா? கிண்ணத்து மேலயே ஏறி அந்தப் பக்கம் எறங்கிப் போயிட்டா. களுக்குன்னு பால் பூரா கொட்டிருச்சு. பூனை வந்து நக்கு நக்குன்னு நக்கிட்டுப் போச்சு. அப்போ மாமா ஒரு தட்டோட வந்து நிக்கிறாரு. "அடியே சந்தனம், ரெண்டு இட்லி தின்னுட்டு அழு." நான், "கோமளம் தின்னாம எனக்கு எப்படி எறங்கும்? போங்க அந்தப் பக்கம்"னேன்.

அப்புறம் முட்டை. நாட்டுக்கோழி முட்டை ஒன்னை எடுத்துட்டு வந்து அவ முன்னாடி உருட்டி விட்டேன். உருள் உருள் உருள்னு போய் அவ மேல முட்டி நின்னுச்சு. இவ தலையைத் திருப்பிக்கிட்டா. ஆனா முட்டையோட அம்மா பின்னாலயே வந்துட்டா. கொக் கொக் கொக்னு என் பின்னங்காலைக் கொத்துன கொத்து இருக்கே! "கோழிகிட்ட அடி வாங்குனவ"ன்னு ரொம்ப நாளைக்கு என்னைக் கூப்பிட்டாங்க. நொண்டிக்கிட்டு வரேன், மாமா மறுபடி தட்டோட நிக்கிறாரு. "ஒரு தோசையாவது தின்னுடி." "எனக்கு வேணாம், போங்க."

"ம்... அப்புறம்?"

அப்புறம் மூணாவது. நானே எலி புடிச்சுக் குடுக்குறதுன்னு முடிவு பண்ணேன். எலிக்குப் பயந்து பாம்பு வளத்தவ, பாம்புக்காக எலி புடிக்கப் போறா! கூடையைத் தூக்கிக்கிட்டு மூட்டை மேல ஏறி ஒளிஞ்சு நின்னேன். கீச் கீச்னு ஒன்னு வந்துச்சு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு கூடையைக் கவுத்துனேன். எலி கூடைக்குள்ள. நான் கால் தவறிப் பொரிக் குவியலுக்குள்ள, பொதுக்! தலை உள்ள, காலு வெளிய. மாமா வந்து என் காலைப் புடிச்சு இழுத்துப் போட்டாரு.

அந்த எலியைக் கொண்டு போய்க் கோமளம் முன்னாடி விட்டா, அது அவ முதுகு மேல ஏறி உக்காந்து மூஞ்சி கழுவுது. இவ சும்மா கெடக்குறா. நான் அங்கயே உக்காந்து ஓன்னு அழுதேன். மாமா சோத்துல ரசத்தை ஊத்திப் பெசஞ்சு கொண்டாந்தாரு. நான் தட்டைத் தள்ளி விட்டுட்டேன்.

அப்போ பக்கத்து வீட்டுத் தைலம்மா மதினி எட்டிப் பாத்தாங்க. அவங்கதான் எங்க தெரு பஜனைக்குத் தலைவி. பாம்பைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "அடி சந்தனம், இது என்ன மாசம்? புரட்டாசி! ஊரே கறி மீனை ஒதுக்கி வச்சிருக்கு. உன் பாம்பும் பெருமாளுக்கு விரதம் இருக்குடி!"

நல்ல புத்தி இருக்கிறவ என்ன செஞ்சிருக்கணும்? சிரிச்சிருக்கணும். நான் என்ன செஞ்சேன்? கோமளத்துக்கு நாமம் போட்டு விட்டேன்.

தெரு பூரா வந்துச்சு. மஞ்சள், பூ, சூடம். நான் வாசல்ல நின்னு, "நான்தான் வளத்தேன், எல்லாம் வளப்புல இருக்கு"ன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒரு பாம்பு எலியைத் தொடாம விரதம் இருக்கு, நான் வருசா வருசம் புரட்டாசியில அடுக்குப் பானைக் கருவாட்டை நெனச்சு ஏங்குறவ. என் லட்சணம் அது.

ஆனா மருது, எல்லாரும் போனப்புறம் அவ பக்கத்துல குனிஞ்சு பாத்தேன். மேலெல்லாம் சாம்பல் பூத்துக் கெடக்கு. கண்ணு ரெண்டும் பாலாடை படிஞ்சாப்ல வெள்ளையா மங்கிருச்சு. கோமளம்னு கூப்பிட்டா தலையைக் கூடத் தூக்கல. செத்துருவாளோன்னு பயந்துட்டேன். மாமா மெதுவாச் சொன்னாரு: "சந்தனம், இது இங்க இருந்தா நீ தாங்க மாட்ட. ஊருக்கு வெளிய கரட்டுப் பக்கம் கொண்டு போய் விட்டுடலாம்."

நான் கெஞ்சுனேன். "சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க. பெருமாளுக்குத் தளிகை படைச்சு விரதத்தை முடிச்சு வைக்கிறேன். அப்பவும் சாப்பிடலேன்னா நானே கொண்டு போய் விட்டுர்றேன்."

"விட்டுட்டீங்களா அத்தை?"

பொறுடா. சனிக்கிழமை வந்துச்சு. கொட்டகையைக் கழுவிக் கோலம் போட்டு, தலைவாழை இலை விரிச்சு, புளியோதரை, தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல், சுண்டல், மாவிளக்கு, நடுவுல வடை. பாம்புக்கு! உலகத்துலயே பாம்புக்குப் புளியோதரை கிண்டுனவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். தைலம்மா மதினி, "கோவிந்தா!"ன்னாங்க. எல்லாரும் "கோவிந்தா!"

அப்போ மூட்டைக்கு அடியில அசைவு. கோமளம் வெளிய வந்தா. எல்லாரும் கை கூப்புனாங்க. இவ இலைப்பக்கம் போகல, செவுத்துல சாத்தி வச்சிருந்த என் சல்லடைப்பக்கம் போனா. கம்பியில மூஞ்சியைத் தேய்க்குறா, தேய்க்குறா. சரக் சரக் சரக். வாய்க்கிட்ட தோல் பிஞ்சு வருது.

"ஐயையோ, என் கோமளத்துக்குத் தோல் உரியுதே!"ன்னு கத்திக்கிட்டே போய், உரிஞ்ச தோலைப் புடிச்சு, மறுபடியும் அவளுக்கே மாட்டி விடப் பாத்தேன். ஆமாடா, சின்னப்புள்ளைக்குக் கவுன் மாட்டுறாப்ல! மாமா என் இடுப்பைப் புடிச்சு இழுத்தாரு. "விடுடி, அது சட்டை உரிக்குது! உரிக்கிறதுக்கு முன்னாடி பாம்பு சாப்பிடாதுடி!"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு மாமாவைக் கேட்டேன்.

"இப்பதான் தெரியும். உரிக்குதுல்ல!"ன்னாரு.

உர்ர்ர்னு வால் வரைக்கும் உரிச்சுப் போட்டுட்டு வெளிய வந்தா பாரு, பளபளன்னு புதுக் கோமளம். கண்ணு ரெண்டும் புளியங்கொட்டையா மின்னுது. அந்த நேரம் பாத்து ஒரு தடி எலி, கூட்டத்தையும் மதிக்காம, வடையை எடுக்க இலை மேல ஏறுச்சு. தைலம்மா மதினி, "கோவி..."ன்னு ஆரம்பிச்சாங்க.

லபக்!

பெருமாள் தளிகை மேல, சனிக்கிழமை, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது. மதினி வாயில மிச்சம் ரெண்டெழுத்து வரவே இல்ல. நான் என்ன பண்ணேன்? குதிச்சேன். "சாப்பிட்டா! என் கோமளம் சாப்பிட்டா!"ன்னு மதினியையே கட்டிப்புடிச்சு அழுதேன். அவங்க தீட்டு தீட்டுன்னு என்னை உதறிட்டுக் குளிக்க ஓடுனாங்க. தெருவே குளிக்க ஓடுச்சு.

"ம்... ஹி ஹி..."

அப்புறம் நானும் மாமாவும் மட்டும். எனக்கு அப்பதான் பசி தெரிஞ்சுச்சு. அடுப்படியில சட்டியோட மிச்சம் இருந்த புளியோதரையை வாரி வாரித் தின்னேன். மாமா எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் கையைக் கழுவுனதும், சட்டியைத் தன் பக்கம் இழுத்தாரு.

"ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சா? இனிமே எனக்கு எறங்கும்"னாரு.

அப்பதான்டா அவரு மூஞ்சியைப் பாத்தேன். கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்துச்சு. நான் தள்ளி விட்ட தட்டை அவரும் தொடல, அத்தனை நாளும். பாம்புக்குக் கண்ணு மங்குனது எனக்குத் தெரிஞ்சுச்சு, எதிர்லயே தட்டோட நின்ன மனுசனைத் தெரியல. நான் புத்திசாலியாம்! சட்டியில கெடந்ததை எல்லாம் வழிச்சு அவரு கையில வச்சேன். எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, சந்தோசமாவும் இருந்துச்சு.

மருது? டேய்... "ம்" காணோமே.

சரி, எல்லாரும் சாப்பிட்டாச்சு, கதையும் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு சாமி.