லோகாம்பாள் போட்ட கோடு

"என் தையல்ல என்ன குறை, டீச்சர்?" என்று கேட்டார் பிரமநாயகம்.

பியூலா டீச்சர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"குறைன்னு யாரு சொன்னா சார்?"

"என் சம்சாரம்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கட்டிவிட்டேன். பிச்சு எறிஞ்சிட்டா."

கேட்டவருக்கு வயது அறுபத்தாறு. நில அளவைத் துறையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். அவர் ஆற்றையே அளந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவருக்கு முப்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஐந்து மிஷின் போட்டுத் தையல் சொல்லிக்கொடுக்கிறவர்.

மகள் வயதுக்காரியை அவர் டீச்சர் டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு வாரம் போனால் சிரிப்பு நின்றுவிடும். பியூலா டீச்சரின் கட்டைவிரல் ஒரு தையலின் மேல் ஊர்ந்து போவதை அதற்குள் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

டீச்சர் கையை நீட்டினார். பிரமநாயகம் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்துக் கொடுத்தார்.

குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும்போது கழுத்தில் கட்டுவோமே, அதுதான். பெரியவர்கள் அளவில் தைத்திருந்தார். மேலே புத்தம்புதுப் பருத்தித் துண்டு. ஈரம் சேலைக்கு இறங்காமல் இருக்க அடியில் குடைத்துணி. கீழ்விளிம்பை நாலு விரல் மேலே மடக்கி, விழுகிற பருக்கையை ஏந்திக்கொள்ள ஒரு பை.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவினார்.

"இங்க நூல் அறுந்துச்சு."

"ஆமா."

"இங்க பாதியில எந்திரிச்சுப் போயிருக்கீங்க."

"பால் பொங்கிருச்சு டீச்சர்."

"வந்து உக்காந்தப்ப மனசு சரியில்ல."

பிரமநாயகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. பால் பொங்கியதைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோதுதான், காலையில் வைத்த இட்லித் தட்டு அப்படியே இருந்ததை அவர் பார்த்தார்.

"நல்ல தையல்" என்றார் டீச்சர்.

"பிறகு ஏன் கட்ட மாட்டேங்கா?"

டீச்சர் எழுந்து அவருக்குப் பின்னால் வந்தார். அந்தத் துணியை அவர் மார்பில் போட்டு, நாடாவைப் பின்கழுத்தில் இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டார். திரும்பிப் போய் மிஷினில் உட்கார்ந்துகொண்டார்.

பிரமநாயகம் காத்திருந்தார். இதற்கு மேல் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தார்.

டீச்சர் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்தார். அடுத்த கையும் வைத்தார்.

பிரமநாயகம் கையைப் பின்னால் கொண்டுபோனார். அவருக்குத் தோள்பட்டை வலி. முடிச்சு வரைக்கும் விரல் போகவில்லை. மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது சூடாகிவிட்டது.

"டீச்சர், கொஞ்சம் அவுத்து விடுங்களேன்."

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

அவ்வளவுதான். அன்றைய பாடம் முடிந்தது.

*

அவர் சம்சாரம் லோகாம்பாளுக்கு நாலு வருஷமாகக் கை நடுக்கம்.

அவள் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் இலையைச் சுற்றி ஒரு பருக்கை கிடக்காது. சொந்தக்காரர்கள் அதைச் சொல்லிக் காட்டித்தான் பெண்பிள்ளைகளை வளர்த்தார்கள். அப்படிப்பட்டவள் கையிலிருந்து வாய்க்குப் போவதற்குள் பாதிச் சோறு மடியில் விழுந்தது.

முதலில் பந்திக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு வீட்டில் மேஜைக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு பசிக்கவில்லை என்றாள்.

மூன்று மாதத்தில் ஏழு கிலோ இறங்கிவிட்டது.

"இருபதாம் தேதி கூட்டிட்டு வாங்க. இன்னும் எடை குறைஞ்சிருந்தா மூக்கு வழியா குழாய் போட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கழுத்தில் கட்டுகிற துணியைப் பிரமநாயகம் கடைகளில் தேடினார். எல்லாம் கைக்குழந்தை அளவு. முயல் படம் போட்டிருந்தது. அதை நீட்டினால் லோகாம்பாள் என்ன செய்வாள் என்று நினைக்கவே அவருக்குப் பயமாயிருந்தது. தன் கையே தனக்குதவி என்று, அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த மிஷினைத் தூசி தட்டி, தையல் படிக்க வந்துவிட்டார்.

டீச்சர் முடிச்சுப் போட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், பின்கழுத்து நாடாவைப் பிரித்து எறிந்தார். இடது தோளில் ஒட்டுப்பட்டை வைத்தார். அவளே ஒட்டலாம், அவளே பிய்க்கலாம்.

லோகாம்பாள் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டினாள், பிய்த்தாள். எறியவில்லை. மடித்து மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"பசிக்கல" என்றாள்.

*

"இப்பவும் போட மாட்டேங்கா டீச்சர். இருபதாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

பிரமநாயகம் துணியை நீட்டினார்.

டீச்சர் துணியை வாங்கினார். இந்தத் தடவை தையலைத் தடவவில்லை. வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். கழுத்து வளைவைப் பார்த்தார். நீளத்தைப் பார்த்தார்.

"அளவு ரொம்பச் சரியா இருக்கு."

"அரை இஞ்சு பிசகாது டீச்சர்."

"எப்ப எடுத்தீங்க?"

"அவ தூங்கும்போது. எதுக்குத் தொந்தரவுன்னு, படுத்திருக்கும்போதே டேப்பை வச்சு எடுத்துட்டேன்."

ஐந்து மிஷினும் நின்றன.

ஒரு பெண் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தையல்காரர்கள் யாரையும் படுக்க வைத்து அளப்பதில்லை. எழுந்து நிற்க முடியாதவரென்றால் உட்கார வைப்பார்கள். உட்கார முடியாதவரென்றால் பழைய துணி ஒன்றை அளவுக்குக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கிடக்கிற ஆளை அளக்கிறவர் சவப்பெட்டி செய்கிறவர் ஒருவர்தான். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வயலையும் வாய்க்காலையும் கிடக்கிற கிடையில் அளந்தே பழகிய மனுஷருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

டீச்சர் மெதுவாக அதைச் சொன்னார்.

"அவளுக்குத் தெரியாது டீச்சர். நல்லா தூங்கிட்டிருந்தா."

டீச்சர் தன் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அவர் கையில் வைத்தார். துணியில் கோடு போடுகிற சாக்குக் கட்டி ஒன்றையும் வைத்தார்.

"உங்களை அளந்து கோடு போட அவங்களைச் சொல்லுங்க."

"என்னையா? எனக்கு எதுக்கு?"

"சாப்பிட."

"எனக்குக் கை நல்லாத்தானே இருக்கு?"

டீச்சர் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அவ கை நடுங்குமே டீச்சர். கோடு கோணிரும்."

"கோடு எப்படிப் போகுதோ அப்படியே வெட்டுங்க."

*

லோகாம்பாள் டேப்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"எதுக்கு?"

"டீச்சர் சொன்னாங்க."

நாற்பது வருஷத்தில் அவர் யார் சொன்னதையும் காரணம் கேட்காமல் செய்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் டேப்பை அவர் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தாள். கொதிக்கிற பானையின் மூடி மாதிரி அவள் விரல்கள் அவர் தொண்டையில் தடதடத்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் தொறங்க."

"ம்?"

"அளக்கும்போது கண்ணை மூடாதீங்க. அன்னைக்கு நான் மூடிட்டுத்தான் கெடந்தேன்."

அவர் கண்ணைத் திறந்தார்.

"தூங்கலையா நீ?"

"தூங்கல. கழுத்தை அளந்தீங்க. கழுத்துலருந்து மடி வரைக்கும் அளந்தீங்க. தாள்ல எழுதுனீங்க." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "டாக்டர் உங்ககிட்ட நாள் சொல்லிட்டாரு போலன்னு நெனச்சேன்."

"ஐயோ, லோகா."

"மறுநாளே புதுத்துணியை எடுத்துட்டு வந்து கழுத்துல கட்டுனீங்க. ஒரு மஞ்சப் பொட்டுகூட வைக்காத கோடித்துணி."

"ஏன் என்கிட்ட கேக்கல நீ?"

"நீங்க ஆமான்னு சொல்லிட்டா?"

பிரமநாயகம் அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. டேப் கழுத்தில் இருந்ததால் குனியவும் முடியவில்லை. அவள் பார்க்கப் பார்க்க, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அழுதார்.

"அசையாதீங்க, அளவு போயிரும்" என்றாள் லோகாம்பாள்.

*

அவளுடைய பழைய பூப்போட்ட துண்டு ஒன்றை மேஜையில் விரித்தார்கள். சாக்குக் கட்டியை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கோடு போட்டாள்.

கோடு மேலே போனது, கீழே வந்தது. ஓரிடத்தில் நின்று துடித்தது. மறுபடி புறப்பட்டது. கழுத்து வளைவு வந்ததும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். விட்டுவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் விடவில்லை.

ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து முடித்தாள்.

பிரமநாயகம் எத்தனையோ ஆயிரம் கோடு போட்டவர். ஸ்கேல் வைத்தும் சங்கிலி பிடித்தும் போட்டவர். தாளில் அவர் கோடு போட்டால் அண்ணன் தம்பி அதை வைத்து வரப்பு வெட்டுவார்கள். அந்தக் கோடுகளில் ஒன்றைப் பார்த்துக்கூட அவருக்குக் கும்பிடத் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"நேராக்கிக்கோங்க" என்றாள் அவள்.

"மாட்டேன்."

கத்தரி நேர்க்கோட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். இந்தக் கோட்டில் ஓடவில்லை. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் நின்று, திரும்பி, துணியைத் திருப்பி, மறுபடி நுழைய வேண்டியிருந்தது. எங்கே அவள் கை துள்ளியதோ அங்கே கத்தரியும் துள்ளியது. எங்கே அவள் நின்று மூச்சு விட்டாளோ அங்கே அவரும் நின்றார்.

ஒரு ஜாண் வெட்டுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

நாள் முழுக்க, ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும், அவள் எதைத் தாண்டிப் போகிறாள் என்று அவருடைய விரல்களுக்குத் தெரிந்தது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்ன?" என்றாள் அவள்.

அவர் குனிந்து மிச்சக் கோட்டையும் வெட்டினார்.

சாயங்காலத்துக்குள் அடியில் குடைத்துணி வைத்து, நெளிந்த விளிம்பு நெடுக பட்டி அடித்து, பை மடக்கி, தோளில் ஒட்டுப்பட்டை வைத்து முடித்தார். அதைப் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார்.

லோகாம்பாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"சரி, எனக்கும் அளங்க" என்றாள்.

*

இருபதாம் தேதி டாக்டர் எடை பார்த்தார். குறையவில்லை. அரை கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. குழாயைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இருபத்தோராம் தேதி பிரமநாயகம் மாடிப்படி ஏறினார். இரண்டு துணியையும் டீச்சர் முன்னால் வைத்தார். துவைத்து, காய வைத்து, மடித்து வைத்திருந்தார். இரண்டுக்கும் கோடு லோகாம்பாள்தான் போட்டிருந்தாள். இரண்டின் விளிம்பும் நெளிந்து நெளிந்து போயிருந்தது.

பியூலா டீச்சர் ஒன்றை எடுத்து விரித்தார். கட்டைவிரலை விளிம்பில் வைத்தார். தடவத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"இந்தக் கோடு எனக்கு வராது" என்றார்.

துணியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கீழே வைத்தார். மிஷின்காரப் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஏனென்று அவர்களுக்கே தெரியாது.

"சாப்பிடுதாங்களா சார்?"

"சாப்பிடுதா டீச்சர். ரெண்டு பேரும் சேர்ந்துதான் உக்காருதோம். தங்கச்சி வீட்டு விசேஷத்துல பந்திக்கு வாரேன்னு அவளே சொல்லுதா."

"சிந்துதா?"

பிரமநாயகம் சொல்ல வாயைத் திறந்தார்.

யோசித்தார். மறுபடி யோசித்தார்.

"பாக்கலியே டீச்சர்" என்றார்.