கல்லில் வெட்டிய கோபம்

கதை கேட்க உட்கார்ந்தவர்களே, கொஞ்சம் காதைக் கொடுங்கள். முன்னொரு காலத்தில் கொற்றவேள் என்று ஒரு ராஜா இருந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும்.

ஒருநாள் யானைமேல் ஏறி வேலங்குறிச்சி வழியாகப் போனான். வரவேற்க ஒரு ஆள் இல்லை. ஊரே பேரேரிக் கரையில் இடுப்பளவு சேற்றில் நின்று உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஏரி ராஜாவுடையதுதான். அதையெல்லாம் யோசிக்கக் கோபத்துக்கு ஏது நேரம்?

"இந்த ஊரார் இனி இந்த ஏரியில் ஒரு குடம் தண்ணீர் எடுக்கக் கூடாது. சூரியனும் சந்திரனும் உள்ளவரை இது செல்லும். கல்லில் வெட்டுங்கள்" என்றான்.

பத்து வருஷம் போதுமே என்றார் மந்திரி. "சொன்னது சொன்னதுதான்" என்றான் ராஜா. உங்கள் ஆயுள்வரை என்று போடுங்களேன் என்றாள் ராணி. "சொன்னது சொன்னதுதான்." உளியைக் கையில் எடுத்த கல்தச்சன், பிள்ளைகுட்டிக்காரர்கள் மகாராஜா என்று இழுத்தான். அவனுக்கும் அதே பதில்.

காலம் வந்தது, ராஜாவும் போனான். அடுத்த பிறவி எங்கே வேண்டும் என்று எமன் கேட்டான்.

"என் சொல்லை இன்றும் மதிக்கிற இடத்தில் பிறக்க வேண்டும். நான் யார் என்பதும் மறக்கக் கூடாது."

எமன் உலகமெல்லாம் தேடினான். எமலோகத்தில் தேடி முடிப்பதற்குள் இங்கே ஏழு தலைமுறை கழிந்துவிட்டது. கொற்றவேள் கட்டிய சத்திரத்தில் அவன் பேர் யாருக்கும் தெரியவில்லை. அவன் சொல்லை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிற ஊர் ஒன்றே ஒன்று இருந்தது. எமன் அவனை அங்கேயே அனுப்பினான்.

இப்படியாகக் கொற்றவேள் வேலங்குறிச்சியில் சடைச்சி என்ற பெண்ணாகப் பிறந்தான். சடைச்சி வளர்ந்தாள், வாழ்க்கைப்பட்டாள், ஒரு மகளைப் பெற்றாள். தினமும் ஏரியைத் தாண்டி அரைக்காதம் நடந்து ஊற்றுத் தண்ணீர் சுமந்தாள். மகள் நாச்சிக்கு ஆறு வயது. அவள் இடுப்புக்கும் ஒரு சின்னக் குடம் வருகிற நாள் நெருங்கியது. ராஜாவிடமே போய்க் கேட்கிறேன் என்று சடைச்சி கிளம்பினாள்.

"பொறு சடைச்சி. மழையில எழுத்துப் பாதி தேஞ்சு போச்சு. மதகுக் காவலாளே இப்பல்லாம் பாத்தும் பாக்காத மாதிரி இருக்கான். இன்னும் ரெண்டு வருஷத்துல கல்லையே எல்லாரும் மறந்துருவாங்க" என்றார்கள் ஊரார்.

பிறவி மாறியதே தவிர அவசரம் மாறவில்லை. விறுவிறுவென்று அரண்மனைக்கு நடந்தாள். அங்கே கொற்றவேளின் வம்சத்தில் வந்த ராஜா சபையில் உட்கார்ந்திருந்தான்.

"அந்தக் கட்டளை போட்டது நான்தான். நானே சொல்கிறேன், அழித்துவிடு" என்றாள். சபை சிரித்தது. அவள் சிம்மாசனத்தின் அருகே போய், கொற்றவேள் யானைமேல் ஏறும்போதெல்லாம் பயத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொள்வான் என்று ராஜாவின் காதில் சொன்னாள். அது அரச குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

ராஜா தடாலென்று காலில் விழுந்தான். "பாட்டனாரே, பட்டு தருகிறேன், பல்லக்கு தருகிறேன், அரண்மனையிலேயே இருங்கள்."

"எதுவும் வேண்டாம். தண்ணீரை விடு."

"அது உங்கள் சொல் ஆயிற்றே. சின்னவன் நான் எப்படி மாற்றுவேன்?"

"சொன்னவன் நான். நானே மாற்றச் சொல்கிறேன்."

ராஜா கண் கலங்கிச் சிரித்தான். "புரிகிறது பாட்டனாரே. குலப்பெருமையைக் காப்பேனா என்று என்னைச் சோதிக்கிறீர்கள். நான் தோற்க மாட்டேன்."

எவ்வளவு கெஞ்சினாலும் சோதனை கடுமையாகிறது என்றே அவன் நினைத்தான். சடைச்சியைப் பல்லக்கில் ஏற்றி மேளதாளத்தோடு ஊருக்கு அனுப்பினான். பல்லக்குக்குப் பின்னால் நான்கு கல்தச்சர்கள் வந்தார்கள். தேய்ந்த எழுத்தையெல்லாம் விரல் ஆழத்துக்குப் புதிதாக வெட்டிவிட்டுப் போனார்கள். மதகுக்கு இன்னும் இரண்டு காவலாட்களும் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் நாச்சி சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பெரிய குடத்தோடு பின்னால் போன சடைச்சி வழியெல்லாம் அழுதாள். ஊற்றுக்குப் போய்ச் சேரும்வரை ஊரார் ஒருவரும் அவளோடு பேசவில்லை.

ஆகையால் கேட்டவர்களே, வாயை விட்டுப் போன சொல் சொன்னவனுக்கே அடங்காது; அதன் கீழே நாமே ஒருநாள் குடியிருக்க நேரும் என்று எண்ணித்தான் எதையும் பேச வேண்டும்.