வீடு மாறிய சத்தம்

மதுக்கூர் தாண்டி, மன்னார்குடி சாலையில் ஒரு மெக்கானிக் ஷெட். அங்கே குரு லூர்துமேரி, வயது முப்பத்துநாலு. சீடர் அமிர்தராசு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வயதில் பெரியவரைத் திட்ட குருவுக்கு வாய் வராது. திட்டு வாங்காமல் சீடருக்குத் தொழில் ஏறாது. ஆகவே சீடரே தன்னைத் தானே திட்டிக்கொள்வார்.

அமிர்தராசு முன்பு மினி பஸ் ஓட்டியவர். ஒருநாள் இன்ஜினில் தட்டும் சத்தம் கேட்டது. ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினார். பாதி வழியில் பேரிங் போய் இன்ஜின் இறுகி நின்றது. பஸ்ஸும் போனது, வேலையும் போனது. இனி எந்தச் சத்தத்தையும் சும்மா விடுவதில்லை என்றுதான் லூர்துவிடம் வந்து சேர்ந்தார்.

ஒரு காலை, பழைய வெள்ளை டீசல் கார் ஒன்று டக்டக்கென்று தட்டிக்கொண்டே ஷெட்டுக்குள் நுழைந்தது. தவில்காரர் வைத்தியலிங்கம் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

"சாயந்தரம் என் தங்கச்சி மகளுக்குப் பொண்ணழைப்பும்மா. இது அவ அப்பா ஓட்டின வண்டி. அவரு போய்ச் சேர்ந்ததுலேர்ந்து கொட்டாயிலேயே நின்னுச்சு. மண்டபத்துக்கு வந்தா அப்பா வண்டியிலதான் வருவேங்குறா. தாய்மாமன் நான் வாக்கு கொடுத்துட்டேன். இன்னைக்கு எடுத்தா இந்தத் தட்டு தட்டுது."

அமிர்தராசு நீளமான திருப்புளியின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். அவர் முகம் வெளுத்தது.

"பேரிங். இன்ஜினை இறக்கணும்."

"எப்பங்க முடியும்?"

"ஒரு வாரம் ஆகும்."

வைத்தியலிங்கம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் புள்ளைகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

லூர்து இன்ஜினை அணைத்தார்.

"ஐயா, வழியெல்லாம் இது எப்படித் தட்டுச்சு? வாசிச்சுக் காட்டுங்க."

"எதுலம்மா?"

"பானட்டுலதான்."

வைத்தியலிங்கம் ஒருமுறை அவரைப் பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்ததும் விரலை மடக்கி வாசித்தார். கார் வந்து நின்றபோது கேட்ட அதே தட்டு, அச்சு அசலாக.

"ஆக்சிலேட்டரை மிதிச்சப்ப?"

விரல்கள் பாய்ந்தன. பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கிளாசோடு எழுந்து வந்தார்கள்.

"காலை எடுத்தப்ப?"

கைகள் நின்றுவிட்டன.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அதுதாம்மா நிறுத்திடும். காலை எடுத்தா தட்டே இருக்காது. மறுபடி மிதிச்சா வந்துரும்."

லூர்து சிரித்தார். அமிர்தராசுக்குப் பொறுக்கவில்லை.

"சிரிக்காதீங்க மேஸ்திரி. என் பஸ்ஸும் இப்படித்தான் தட்டுச்சு."

"காலை எடுத்தா நின்னுச்சா அண்ணே?"

"பயத்துல நான் எங்கே காலை எடுத்தேன்?"

டீக்கடைக்காரர்கள் சிரித்தார்கள். சற்றுக் கழித்து அமிர்தராசுவும் சிரித்துவிட்டார். ஆனால் பேரிங்கை விட்டுக்கொடுக்கவில்லை.

லூர்து காரை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நாலு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகும் குழாய்களில், முதல் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் இன்ஜின் நொண்டியது, தட்டு நிற்கவில்லை. அதை இறுக்கிவிட்டு இரண்டாவதைத் தளர்த்தினார். அப்போதும் தட்டியது. மூன்றாவதைத் தளர்த்தியதும் தட்டு பட்டென்று நின்றது.

"பாத்தீங்களா, மூணாவது பேரிங்!" என்றார் அமிர்தராசு.

"இருக்கலாம்ண்ணே."

லூர்து இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, மூன்றாவது சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றினார். அதை முதல் சிலிண்டரில் பொருத்தினார். முதல் சிலிண்டருக்குரிய நாசிலை மூன்றாவதற்குக் கொண்டுபோனார்.

"ரெண்டும் பழசுதானே, இது என்ன வைத்தியம்?" என்று கேட்டார் சீடர்.

"ஒரு வீட்டுல ஓயாம சண்டை. கோளாறு வீட்டுலயா, குடியிருக்கிறவங்ககிட்டயா? வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி குடித்தனத்தை மாத்தி வெச்சுப் பாத்துரலாமே."

கார் கிளம்பியது. தட்டும் கிளம்பியது. லூர்து மூன்றாவது நட்டைத் தளர்த்தினார். தட்டு நிற்கவில்லை. முதல் நட்டைத் தளர்த்தினார்.

தட்டு இல்லை.

"வீடு மாறிடுச்சு!" என்று வைத்தியலிங்கம் கத்தினார். "அம்மா, அது வீடு மாறிடுச்சும்மா!"

"சும்மா நின்ன வண்டியாச்சே ஐயா. நாசில் சிக்கிக்கிச்சு, அவ்வளவுதான். இன்ஜின் தங்கமா இருக்கு."

அலமாரியில் சோதித்து வைத்திருந்த வேறொரு நாசிலை எடுத்துப் பொருத்தினார். இப்போது காரில் மிச்சமிருந்தது பழைய டீசல் வண்டிக்கே உரிய கடகடப்பு மட்டும்தான். வைத்தியலிங்கம் அந்தக் கடகடப்புக்கும் பானட்டில் இரண்டு கையாலும் ஒத்து வாசித்தார். பெயின்ட் போகும் என்று யாரும் சொல்லவில்லை.

மாலையில் அதே கார் மல்லிகைச் சரங்களோடு ஷெட் வாசலில் வந்து நின்றது. பின் ஜன்னலில் கல்யாணப் பெண். அவள் இறங்கக் கூடாது என்று உள்ளே யாரோ அதட்ட, கையை மட்டும் நீட்டி இரண்டு லட்டு கொடுத்தாள்.

"அப்பா ஓட்டுறப்ப கேக்குமே, அதே சத்தம் இப்ப கேக்குதுக்கா," என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்தது, சிரிப்பும் வந்தது.

முன் சீட்டிலிருந்து வைத்தியலிங்கம் கதவில் காலையில் கேட்ட அந்தத் தட்டை வாசித்தார். "மண்டபத்துல இன்னைக்கு இதுதாம்மா!" கார் கடகடவென்று மன்னார்குடிப் பக்கம் போனது.

அமிர்தராசு லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி, நீங்க கேட்ட அதே சத்தத்தைத்தான் நானும் கேட்டேன். எனக்கு மட்டும் ஏன் பேரிங்னு பட்டுச்சு?"

லூர்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க பஸ் நின்னு எத்தனை வருஷம் ஆச்சு அண்ணே?"

"ஏழு இருக்கும்."

"நின்ன மாதிரி தெரியலையே. எனக்கு இங்கேர்ந்தே கேக்குது. அதை அணைச்சிட்டு வாங்க, லட்டு சாப்பிடலாம்."