கொண்டையன் கூட்டத்தின் தலைக்கணக்கு

பொன்னியூரைச் செண்பக பூபதி ஆண்டுகொண்டிருந்த காலம் அது. நல்ல ராஜாதான். ஆனால் யாராவது பெரிய எண்ணாகச் சொன்னால் மிரண்டுபோவார். அவருடைய தளபதி இரணசிங்கனுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஊருக்கு மேற்கே கழுகுமேடு என்ற மலை. அங்கே கொண்டையன் கூட்டம் என்ற கொள்ளைக்கூட்டம் மூன்று தலைமுறையாக இருந்துவந்தது. ஆண்டுக்கொரு முறை தளபதி படையோடு மலைக்குப் போவார். திரும்பி வந்து சபையில் ஓலையைப் பிரித்துப் படிப்பார்.

முதல் ஆண்டு, "கொள்ளையர் முந்நூறு பேர். நூற்றைந்து பேரைக் கொன்றேன்" என்றார். அடுத்த ஆண்டு, "எண்ணூறாகிவிட்டார்கள். நூற்றுத்தொண்ணூறு பேரைக் கொன்றேன்" என்றார். மூன்றாம் ஆண்டு ஓலை நீளமாக இருந்தது.

"முந்நூற்றிருபது பேரைக் கொன்றேன், மன்னா. அப்படியும் இரண்டாயிரமாகப் பெருகிவிட்டார்கள். வீட்டுக்கு ஓர் ஆளைப் படைக்கு அனுப்பினால்தான் சமாளிக்க முடியும்."

அறுவடைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் போய்விட்டால் கதிர் வயலிலேயே உதிர்ந்துபோகும். ராஜாவோ இரண்டாயிரம் என்றதுமே ஆள் திரட்டும் உத்தரவில் ஒப்பமிட எழுத்தாணியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

சபையில் விடங்கர் என்றொருவர் இருந்தார். அவருக்கு இன்ன வேலை என்று கிடையாது. ராஜாவுக்கு ஒன்றும் தோன்றாதபோது அவரைக் கூப்பிடுவார். அன்று விடங்கர் தாமாகவே எழுந்தார்.

"மன்னா, அந்த மலையில் நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்."

"உட்கார்ந்த இடத்தில் நினைப்பது சுலபம்" என்றார் தளபதி. "எண்ணிச் சொல்லட்டும்."

"சரி, பத்து நாள் தருகிறேன்" என்றார் ராஜா. "சரியான கணக்கு வராவிட்டால், படையின் முதல் வரிசையில் நீர்தான்."

விடங்கர் முதலில், அந்த மாதம் கொள்ளையரிடம் பொருளைப் பறிகொடுத்த வணிகர் ஒருவரிடம் போனார்.

"எத்தனை பேர் வந்தார்கள்?"

"ஐந்நூறு பேர், ஐயா."

அதே வண்டியில் வந்த இன்னொருவரைக் கேட்டார். அவர் ஆயிரம் என்றார்.

"நன்றாகப் பார்த்தீரா?"

"எங்கே பார்ப்பது? கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்."

அடுத்து சிறைக்குப் போனார். அங்கே ஐந்து ஆண்டாகக் கொண்டையன் கூட்டத்தான் ஒருவன் இருந்தான். அவன் மூவாயிரம் என்றான். பறிகொடுத்தவனுக்கும் பறித்தவனுக்கும் பெரிய கூட்டம்தான் கௌரவம் என்று விடங்கருக்குப் புரிந்தது. வெறுத்துப்போய்க் கிளம்பும்போது அவன் முன்கையில் பச்சை குத்திய தேள் ஒன்று கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"கூட்டத்தில் சேர்ந்த அன்றைக்கே குத்திக்கொள்ள வேண்டும். எங்கள் எல்லோருக்கும் மருதாயிதான் குத்துவாள். வேறு கை படக்கூடாது."

மருதாயி சந்தையில் ஊசியும் மைக்கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தாள். விடங்கர் வந்த காரியத்தைச் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்காமல் மையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டுமாம், அம்மா" என்றார் விடங்கர்.

"எனக்கு இருக்கிறது ஒரே மகன், சாமி" என்றாள் அவள். ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு, "அவங்களை வெட்ட மாட்டேன்னு சொல்லுங்க. நான் சொல்றேன்" என்றாள்.

"என்னால் ஆனவரை வெட்ட விடமாட்டேன்."

"எங்கம்மா காலத்துல வருசத்துக்கு முப்பது பேருக்குத் தேள் குத்துவா. என் காலத்துல பத்தாச்சு. புது ஏரி வெட்டினதும் பயலுக எல்லாம் உழவுக்குப் போயிட்டானுங்க. மூணு வருசத்துக்கு முன்னால மலையில நாப்பத்துநாலு பேரு. அப்புறம் சேர்ந்தது நாலே பேரு."

"செத்தவர்கள்?"

"ஒருத்தன் செத்தா, அவன் வீட்டுக்காரங்க என்கிட்ட வந்து அவன் பேரைக் கையில குத்திக்குவாங்க. அது அவங்க வழக்கம். மூணு வருசத்துல ஏழு பேரு வந்தாங்க. மிச்சம் நாப்பத்தொண்ணு."

விடங்கர் நேராக ராஜாவிடம் போய், சரணடைபவர்களுக்கு மன்னிப்பும் ஏரிக்கரையில் நிலமும் தருவதாக முரசறையச் சொன்னார். "இரண்டாயிரம் பேர் வந்தால் நிலத்துக்கு எங்கே போவது?" என்று ராஜா பயந்தார். "வந்தால் முதல் வரிசைக்கு நான் போகிறேன்" என்றார் விடங்கர்.

ஒன்பதாம் நாள் மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். மருதாயி அரண்மனை வாசலில் நின்று ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். நிலத்துக்கு ஆசைப்பட்டுக் கரியால் தேள் வரைந்துகொண்டு வந்த உள்ளூர்க்காரர் மூவரை, எச்சில் தொட்டுத் துடைத்து அனுப்பிவிட்டாள். மிச்சம் நாற்பத்தொரு பேர். கூட்டத் தலைவனுக்குப் பல் ஒன்றுகூட இல்லை. அவனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

"மலையில் இன்னும் யார் இருக்கிறார்கள்?" என்று ராஜா கேட்டார்.

"குரங்குகள்தான்" என்றான் தலைவன்.

"மூன்று ஆண்டில் உங்களில் எத்தனை பேர் செத்தார்கள்?"

"ஏழு. ரெண்டு பேர் காய்ச்சல். ஒருத்தன் பனைமரத்திலிருந்து விழுந்தான். நாலு பேர் சண்டையில்."

ராஜா தளபதி பக்கம் திரும்பினார். தளபதி தரையைப் பார்த்துக்கொண்டே, "அறுநூற்றுப் பதினைந்து பேரைக் கொன்றது உண்மைதான், மன்னா" என்றார்.

"அவரைச் சந்தேகப்படாதீர்கள், மன்னா" என்றார் விடங்கர். "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இந்த நாற்பத்தொரு பேரையும் தலைக்குப் பதினைந்து முறை கொன்றிருக்கிறார். அப்படியும் எவ்வளவு தெம்பாக நிற்கிறார்கள், பாருங்கள். இவர்களோடு போர் எதற்கு? என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்வோம்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. ஆள் திரட்டும் உத்தரவை அங்கேயே கிழித்துப் போட்டார். விடங்கருக்குப் பட்டாடை கிடைத்தது. மருதாயிக்கு ஒரு கறவை மாடு கிடைத்தது. நாற்பத்தொரு பேரும் ஏரிக்கரைக்கு உழப் போனார்கள்.

இரணசிங்கனிடமிருந்து வாளை வாங்கிக்கொண்டு, அரண்மனைத் தொழுவத்தில் காலைதோறும் மாடுகளை எண்ணும் வேலையைக் கொடுத்தார் ராஜா. மொத்தம் அறுபது மாடுகள். முதல் நாளே ஓலை வந்தது: "மாடுகள் நூற்றிருபது. தொழுவம் போதவில்லை."